பேசும் கைக்கு ஓய்வு

கிரீம் அக்கா என்றால் அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பேக்கரியில் கேக்குக்கு மேல் பூப் போடுவது அவள் வேலை. கூம்பு மாதிரி ஒரு பை, அதற்குள் கிரீம், நுனியில் ஒரு குழல். வலது கைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே மணிக்கட்டைத் திருப்பினால் ரோஜா வரும். திருப்பாமல் விட்டால் சாணி வரும். இதை நான் சொல்லவில்லை, வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அவளே சொல்வாள்.

வீட்டில் அந்தக் கைக்கு இன்னொரு வேலை இருந்தது. அவள் கணவருக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, வாய்ப்பேச்சும் வரவில்லை. அச்சகத்தில் புத்தகம் தைக்கிறவர். எத்தனையோ புத்தகங்களுக்கு அட்டை ஒட்டியவர், ஒன்றையும் படித்ததில்லை. அவருக்கு எழுத்துச் சொல்லித்தரும் பொறுமை எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் இருக்கவில்லை. ஆனால் கையால் பேச ஆரம்பித்தால், அப்பப்பா, வாயாடி தோற்றுப்போவாள்! கல்யாணமான புதிதில் அவள் ஒரு சைகையும் புரியாமல் திருதிருவென்று விழித்தாள். அப்புறம் அவரையே மிஞ்சிவிட்டாள். முதலாளியின் தொந்தி, மாடி வீட்டு அம்மாவின் நடை, பஸ்ஸில் பக்கத்து ஆள் தோளில் தூங்கி விழுந்தவர் என்று எல்லாரும் சாயங்காலமானால் அவள் விரலில் வந்து போவார்கள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். பிள்ளை குட்டி இல்லாத வீடுதான், ஆனாலும் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

வலி முதலில் சும்மா எட்டிப் பார்த்தது. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு சுருக். பாட்டில் மூடியைத் திறந்தால் சுருக், சாவியைத் திருப்பினால் சுருக். போகப் போக முழங்கை வரைக்கும் இழுத்தது. யாரோ சொன்னார்கள் என்று எண்ணெய் போட்டு அழுத்தி நீவினாள். வீக்கம் கூடியது. இன்னும் அழுத்தி நீவினாள். கேட்டால், "நரம்பு பிசகிருச்சு, தானா வழிக்கு வரும்" என்பாள். வலி அவள் வழிக்கு வரவில்லை, அவள்தான் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே பிசியோதெரபி பார்க்கிற பெண் அவளை உட்காரவைத்தாள். "கட்டைவிரலை உள்ள மடக்கி முஷ்டி பிடிங்க அக்கா. இப்போ கையைச் சுண்டுவிரல் பக்கமா மெதுவா சாயுங்க."

"அய்யோ, ஆளை விடும்மா!"

"இதான் விஷயம். இது நரம்பு இல்லக்கா. தசையை எலும்போட கட்டுற நார் இது. பாவாடைக்கு நாடா கோக்குற மடிப்பு இருக்குல்ல, அந்த மாதிரி ஒரு மடிப்புக்குள்ள ரெண்டு நார் கட்டைவிரலுக்குப் போகுது. நீங்க பிழிஞ்சு பிழிஞ்சு மடிப்பு தடிச்சுப்போச்சு. நாடா நகர முடியாம உரசுது. அதுமேல போட்டு நீவினா வீங்காம என்ன செய்யும்?"

பிறகு ஒரு பட்டையைக் கொடுத்தாள். கட்டைவிரலையும் மணிக்கட்டையும் சேர்த்து அசையாமல் பிடிக்கிற பட்டை. ஆறு வாரம் போடவேண்டும், கிரீம் பையைத் தொடக்கூடாது, ஐஸ் வைக்கலாம், வலி தணிந்த பிறகு பயிற்சி சொல்லித்தருகிறேன், அப்படியும் கேட்காவிட்டால் டாக்டர் ஒரு ஊசி போடுவார் என்றாள். "முக்கியமா வேலை நேரத்துல பட்டை கழட்டக்கூடாது அக்கா."

இங்கேதான் நம்ம ஆள் தப்புக் கணக்குப் போட்டாள். பட்டையைக் கட்டிக்கொண்டு கிரீம் பையைப் பிடிக்க முடியாது. லீவு போட்டால் முதலாளி பூ வேலையை வேறு ஒருத்தியிடம் கொடுத்துவிடுவார், திரும்பி வந்தால் தட்டுக் கழுவத்தான் நிற்கவேண்டும். கைக்கு ஓய்வுதானே வேண்டும்? வீட்டில் கொடுத்தால் போச்சு! அதனால் பேக்கரிக்குள் நுழைந்ததும் பட்டையைக் கழற்றிப் பையில் போட்டாள். வீட்டு வாசலை மிதித்ததும் எடுத்து மாட்டினாள்.

வீட்டில் அந்தக் கை செய்த பெரிய வேலை பேச்சு ஒன்றுதான். அதை நிறுத்திவிட்டாள். இடது கையால் "சாப்பிடு", "தண்ணி", "தூங்கு" என்று மட்டும் சொன்னாள், வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிறவள் மாதிரி. நாளெல்லாம் பிழிந்துவிட்டு வருகிறவளுக்கு அதற்கு மேல் தெம்பும் இல்லை.

அவர் சில நாள் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் எதிரே வந்து உட்கார்ந்து கேட்டார்: என்மேல் கோபமா? நான் என்ன செய்தேன்?

அவள் பட்டையைக் காட்டினாள். பேசினால் வலிக்கிறது என்றாள். பேக்கரியில் கழற்றுகிற கதையைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் சண்டை வரும், சண்டை போட இரண்டு கையும் வேண்டும்.

அவ்வளவுதான். அந்த மனிதர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவள் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கினால் எட்டிப் பிடித்து மடியில் வைத்துவிடுவார். தானும் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். தான் ஏதாவது சொல்லப்போய் அவள் பதில் சொல்லவேண்டி வந்துவிடுமே என்று. இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் உண்மையான நிசப்தம் என்றால் என்ன என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு சாயங்காலம் அவர் கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. வலது கையை உதறி உதறி விரல்களை உற்றுப் பார்த்தார். அவள் என்ன என்பது போலத் தலையை ஆட்டினாள். ஒன்றுமில்லை என்று அவரும் தலையை ஆட்டினார். பழைய நாளாக இருந்தால் விட்டிருப்பாளா? எப்போதிலிருந்து, மரத்துப்போகிறதா, இதற்கு முன்னால் வந்ததா என்று துளைத்து எடுத்திருப்பாள், மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பாள். அன்றைக்குப் பட்டையை இறுக்கிவிட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

அடுத்த வாரம் அச்சகத்தில் அவர் சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. இடது கையில் உயிர் இருந்தது, ஆனால் அதில் பேச்சு இல்லை. சைகை என்று ஒன்று இருப்பதையே அது மறந்துவிட்ட மாதிரி இருந்தது. "நீங்க சொல்றது அவருக்கு எவ்வளவு புரியுதுன்னு இப்போ சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர்.

அவள் வேலையை விட்டாள். முதலாளி பூ வேலையை வேறொருத்திக்குக் கொடுத்தார். எதற்கு அவ்வளவு பயந்தாளோ அது நடந்தது, அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அவரைத் தூக்குவது, குளிப்பாட்டுவது எல்லாம் கொழுந்தன் பார்த்துக்கொண்டான். "அண்ணி, நீங்க கை வைக்காதீங்க, அதுவும் கெட்டுப்போனா யாரு பாக்குறது?" என்பான். பிழிய கிரீமும் இல்லை, தூக்கப் பாரமும் இல்லை. பட்டை நாள் முழுக்கக் கையில் இருந்தது. டாக்டர் ஒரு ஊசியும் போட்டார். அப்புறம் அந்த பிசியோதெரபிப் பெண் சொல்லிக்கொடுத்த பயிற்சிகள். பாழாய்ப்போன கை, இவ்வளவு சுலபமாக ஆறும் என்று யார் கண்டது!

"முஷ்டி பிடிங்க அக்கா. சாயுங்க. வலிக்குதா?"

"இல்லம்மா."

"பட்டை இனிமே வேணாம். தாராளமா கையை அசைங்க."

அவள் வீட்டுக்கு ஓடினாள் என்றே சொல்லவேண்டும். அவர் ஜன்னலோரம் நாற்காலியில் சாய்ந்திருந்தார். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, சொல்ல ஆரம்பித்தாள். உன்மேல் எனக்குக் கோபமே இல்லை. வேலைக்காக உன்னிடம் பேசாமல் இருந்தேன். அன்றைக்கு டம்ளர் விழுந்தபோது நான் கேட்டிருக்கவேண்டும். விரல்கள் தடங்கலில்லாமல் ஓடின. ஒரு சொல்கூட வலிக்கவில்லை.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அசைகிற அந்தக் கையையே பார்த்தார். நெற்றி சுருங்கியது. இடது கை மெல்ல எழுந்து, தடுமாறி, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

வலி இல்லை என்று அவள் தன் இடது கையால் சொன்னாள். போய்விட்டது, பார், சரியாகிவிட்டது. திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை. பிடித்த கையைத் தன் மடிக்குக் கொண்டுபோனார். அங்கே வைத்து, மேலே தன் கையை வைத்துக்கொண்டு, அது மறுபடி அசைந்துவிடாதபடி காவல் இருந்தார்.