ஒன்பது பொட்டலங்கள்

“அதான் சொல்றேன் அமலி, அந்தப் பிள்ள மூணே மாசத்துல அம்மா வீட்டுக்குத் திரும்பி வருதா இல்லையா பாரு. அதென்னடி கையில, பஞ்சா? பேரனுக்கு கிறிஸ்துமஸ் தாத்தா தாடியா! கோந்து போட்டுறாத, உரிக்கையில தோலும் சேந்து வரும். மைதாவக் காய்ச்சி ஒட்டு. ஸ்டெல்லா அப்பாவுக்கு ஏழு வருசம் நான்தான் ஒட்டிவிட்டேன்.”

“ஏழோட ஏன்க்கா நிறுத்திட்டாரு?”

பக்கத்து வீட்டுக்காரி இப்படிக் கேட்டால் வாய் சும்மா இருக்குமா? அடுப்பில் உலையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

புருஷன் பேரைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மகள் பேரை முன்னால் போட்டு ஸ்டெல்லா அப்பா என்பேன். எழுபதுகளில் இந்த மலையில் ஏரிக்கு மேலே இருந்த ஒரு பங்களாவில் அவர் சமையல்காரர். மதுரைக்கார முதலாளி குடும்பம் மே மாதமும் கிறிஸ்துமஸுக்கும்தான் வரும். பின்பக்கம் குவார்ட்டர்ஸில் நாங்கள் ஆறு வீடு, ஒன்பது பிள்ளைகள். கேக் சுட்டால் ஓரம் கருகிவிட்டது என்று சொல்லி நாலு பக்கமும் வெட்டிவிடுவார். கருகியது நூலளவு, வெட்டியது இரண்டு விரலளவு. அந்த ஓரமெல்லாம் சாயங்காலம் பிள்ளைகள் வாய்க்கு வந்துவிடும். இன்றைக்கும் வெண்ணெய் காய்கிற வாசம் வந்தால் ஒன்பது தலையும் வரிசையாக நிற்பதுபோல இருக்கிறது.

ஒருதரம் எனக்குக் காய்ச்சல். என் சேலையைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு குழாயடிக்குப் போனார். “ஏக்கா, வீட்டுக்காரிக்கு ஒடம்பு முடியல. புதுசா வாக்கப்பட்டு வந்தவளுக்குக் கொஞ்சம் வழி விடுங்க” என்றாராம். சிரித்த சிரிப்பில் குடம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் விலகிவிட்டார்கள். அவர் நாலு குடம் பிடித்தார். மூன்று குடம் அடுத்த வீட்டுக் கிழவிக்கு.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பங்களாவில் டீ பார்ட்டி நடக்கும். சிவப்பு அங்கியும் தாடியுமாக இவர்தான் தாத்தா. விருந்தாளிப் பிள்ளைகளுக்குப் பேர் எழுதிய பொட்டலங்களைக் கொடுப்பார். எங்கள் பிள்ளைகள் வராந்தாப் படியில் நிற்கும். ஆளுக்கு ஒரு பன்னும் ஆரஞ்சும். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எந்தப் பொட்டலத்திலும் ஸ்டெல்லா பேர் இல்லை என்பது மட்டும் தெரியும்.

அந்த வருஷம் மூன்று நாள் மழை. மலைப்பாதையில் மண் சரிந்து பாதிக் கார்கள் வத்தலக்குண்டிலேயே நின்றுவிட்டன. எல்லோருக்கும் கொடுத்த பிறகும் மூட்டையில் ஒன்பது பொட்டலம்.

“மிச்சத்த அலமாரியில வச்சிருங்க” என்றார் முதலாளியம்மா.

இவர் தாத்தா குரலிலேயே, “தாத்தாவுக்கு வயசாயிருச்சும்மா. திரும்பத் தூக்க முதுகு ஒத்துக்காது” என்று படியில் உட்கார்ந்தார். எங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தார். வந்தவர்கள் கைதட்டினார்கள். முதலாளியம்மாவும் சிரித்தார். ஸ்டெல்லாவுக்குக் கண்ணை மூடித் திறக்கிற பொம்மை.

மறுநாள் பூசை முடிந்து வந்தால் குவார்ட்டர்ஸ் வாசலில் மேனேஜர் நிற்கிறார். “மத்தியானத்துக்குள்ள ஒம்போதும் அலமாரிக்கு வந்துரணும். இல்லைன்னா வீட்டக் காலி பண்ணுங்க.”

அவர் போனதும் இவர் ஆறு வீட்டுக்காரர்களையும் குழாயடியில் கூட்டினார். “ஒருத்தரும் குடுக்காதீங்க. ஆறு வீட்டையும் ஒரே நாள்ல காலி பண்ணிட்டா, இந்தக் குளுருல அவுகளுக்கு வெந்நி யாரு போடுவா?” எல்லோரும் சிரித்தார்கள், தலையாட்டினார்கள். டிரைவர் பெண்சாதி மாதாமேல் சத்தியமே செய்தாள். இவர் நிம்மதியாக வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீடு போனால் அய்யம்பாளையத்தில் அண்ணன் வீடுதான் கதி. அண்ணியின் மூஞ்சி கண்முன்னே வந்தது. எழுந்து ஸ்டெல்லா கையிலிருந்த பொம்மையைப் பிடித்தேன்.

“என்னோடதும்மா. தாத்தா குடுத்தாரு.”

“தாத்தாதான் திருப்பிக் கேக்குறாரு. குடு, வெரசா.”

முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பங்களாவின் பின்வாசலுக்குப் போனேன். நான்தான் முதல் ஆள். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் கையில் விளையாட்டுக் காரோடு டிரைவர் பெண்சாதி. அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். சமையல்கட்டு ஜன்னலில் அவர் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். வெங்காயத்தை விடவில்லை.

வேலை போகவில்லை, வீடும் போகவில்லை. திட்டியிருந்தால் ஒருவேளை ஆறியிருக்கும். அடுத்த வருஷம் அங்கியை வேறு யாரோ போட்டார்கள். வீட்டில் அதற்குப் பிறகு அவர் பேச்சு, “சோறு ஆச்சா?” அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசியில் போய்ச் சேர்ந்தார். மார்க்கெட்டிலிருந்தும் பஸ் ஸ்டாண்டிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பெட்டி பக்கத்திலேயே நின்று, அவர் அப்போது இப்படிச் சொன்னார், போன வாரம் இப்படிச் சொன்னார் என்று அழுதுகொண்டே சிரித்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் எனக்குப் புதிது. ஒன்றைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

இப்போது பங்களா இருந்த இடத்தில் ஹோட்டல். எங்கள் ஆறு வீடு இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன.

அமலி மூக்கை உறிஞ்சினாள். “சாவுக்கு வந்தவுக அன்னைக்குச் சொன்னதுல ஒண்ணு சொல்லேன்க்கா, கேப்போம்.”

“அழுக சத்தத்துல பாதிதான்டி காதுல விழுந்துச்சு. மீதிய யாருகிட்டப் போயி கேக்க? தள்ளு, தள்ளு. தூறல் விழுது, கொடியில துணி கெடக்கு.”