அக்கா எடுக்காத கிண்ணம்

என் சமையலறை அலமாரியில், மஞ்சள்தூள் டப்பாவுக்கும் கடுகு டப்பாவுக்கும் நடுவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணம் இருக்கிறது. இருமல் மருந்து அளந்து குடிக்கிற மூடி அளவுதான் இருக்கும். அடியில் ஊதா நிறத்தில் ஒரு கறை. எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து அன்று கருந்திராட்சைச் சாறு ஊற்றித் தருகிற கிண்ணம் அது. குடித்து முடித்ததும் வாசலில் இருக்கிற வாளியில் போட்டுவிட்டு வருவோம். என் மகள் இதைக் குப்பை என்று நினைத்து எறியப் போய், என்னிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? இது அக்காவின் கிண்ணம். அக்கா இதிலிருந்து குடிக்கவில்லை. இல்லை, குடித்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியவில்லை என்று சொல்வதுதான் சரி.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. இங்கே மலேசியாவில், ஈப்போ டவுனில் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் எனக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். கல்யாணம் கட்டிக்கொள்ளாதவர். எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். விடிகாலையில் இருவரும் ஒரே வேனில் ஈப்போ போவோம், பொழுது சாயத் திரும்புவோம். விரிப்பு மடிப்பதில் அக்கா படுகறார். ஓரம் ஒரு விரல் தப்பினாலும் பிரித்துப் போட்டு, "மறுபடி மடி லா, மனுசன் படுக்கிறது இது" என்பார். அவர் வாய்க்குப் பயந்து வேலையை விட்டு ஓடியவர்கள் உண்டு. நான் ஓடவில்லை. எனக்கும் வாய் நீளம், அதனால் சரிக்குச் சரி நின்றுகொண்டோம்.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். ஜெபம், பாட்டு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை எல்லாம் எனக்குச் சோறு தின்பது மாதிரி. கடவுள் இருக்கிறார், நானும் இருக்கிறேன், அவரவர் வேலையை அவரவர் பார்க்கிறோம் என்று இருந்தவள். அக்கா அப்படி இல்லை. பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, மாரியம்மன் கோயில் தீமிதிக்குத் தண்ணீர் ஊற்றி வளர்ந்து, முப்பது வயதுக்கு மேல் தானாகத் தேடி வந்து ஞானஸ்நானம் எடுத்தவர். தேடி வந்தவர்களுக்கு இருக்கிற பசி எனக்கு இருந்ததே இல்லை. ஆவி பறக்கும் இஸ்திரி இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு உதட்டை அசைத்துக்கொண்டே இருப்பார். என்ன அக்கா கேட்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "ஒன்னும் கேக்கல. கிட்ட போவணும், அவ்ளதான். தூரமா இருக்கிற மாதிரியே இருக்கு" என்றார். எனக்கு அன்று சிரிப்பு வந்தது. சபையில் அவரைவிட அதிகமாக உபவாசம் இருந்தவர் யாரும் இல்லை. அவருக்கே தூரம் என்றால் நானெல்லாம் எங்கே நிற்கிறேன்?

எங்கள் சபை டயர் கடைக்கு மேல்மாடி. கீழே லாரி ஹாரன் அடித்தால் பாஸ்டர் ஒரு நிமிடம் பிரசங்கத்தை நிறுத்திக் காத்திருப்பார். திருவிருந்துக்கு முன்னால், அவரவர் தன் இருதயத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு எடுங்கள், ஒருவர்மேல் கசப்பை வைத்துக்கொண்டு எடுக்காதீர்கள் என்று எச்சரிப்பார். பிறகு தட்டு வரிசையாகக் கைமாறி வரும். எடுக்கிறவர்கள் எடுப்பார்கள். எடுக்காதவர்கள் தட்டைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்துகொள்வார்கள். பக்கத்தில் இருப்பவர் அவருக்கு மேலாகத் தட்டை நீட்டி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். மொத்தச் சபையும் பார்க்காத மாதிரி பார்க்கும். அந்தப் பக்கத்து நாற்காலி என்னுடையது. எத்தனையோ முதல் ஞாயிறுகள் அக்காவின் குனிந்த தலைக்கு மேல் நான் தட்டைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

காரணத்தை வேனில் வைத்து ஒருநாள் அவரே சொன்னார். அக்கா ஞானஸ்நானம் எடுத்த அதே வாரம் அவருடைய அப்பா லயத்து வீட்டில் இறந்துபோனார். அப்போது இருந்த பாஸ்டர், சடங்கு எதிலும் கை வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். எல்லாரும் வரிசையாக வந்து அப்பாவுக்கு வாய்க்கரிசி போட்டார்கள். மூத்த மகள் முறை வந்ததும் அக்கா தலையை ஆட்டிவிட்டார். தம்பிக்கு வந்ததே ஆத்திரம்! "பெத்த அப்பன் வாய்க்கு ஒரு பிடி அரிசி போடாதவளுக்கு இங்க என்னா வேல?" என்று ஊர் பார்க்கக் கையைப் பிடித்து இழுத்துப்போய் வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டார். அக்கா சாக்கடை ஓரத்தில் நின்று தப்பு மேளச் சத்தத்தைக் கேட்டாராம். பாடை எடுத்தபோதும் கிட்டே விடவில்லை. அப்பாவின் முகத்தை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

"அவன் என்னைத் தள்ளினத மன்னிச்சிட்டேன். மூஞ்சியப் பாக்க விடல பாரு, அதத்தான் முடியல. வாய் மன்னிச்சிட்டேன்னு சொல்லுது. உள்ள கொதிக்குது லா. இத வச்சிக்கிட்டு எப்படிக் கிண்ணத்த எடுக்கிறது?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்து காஜா என்ற ஊரில் இருந்த தம்பியைத் தேடி ஒவ்வொரு தீபாவளிக்கும் போவார். பலகாரம் வாங்கிக்கொண்டு நானும் ஒருமுறை கூடப் போனேன். தம்பி கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு உள்ளே நின்றுகொண்டு, "எங்கிட்ட இல்ல, செத்துப்போன அப்பாகிட்ட போய் மன்னிப்புக் கேளு" என்றார். அக்கா பலகாரப் பையைக் கேட்டில் மாட்டிவிட்டு வந்தார். வரும் வழியில் எனக்குத்தான் ரத்தம் கொதித்தது. அக்கா அடுத்த முதல் ஞாயிறும் கையைக் கட்டிக்கொண்டார்.

இப்போதைய பாஸ்டர் இளைஞர், நல்ல மனுஷன். "உங்க பங்க நீங்க செஞ்சிட்டீங்க சிஸ்டர், எடுங்க" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். நானும் சொன்னேன், திட்டினேன்கூட. கடவுள் உங்களைவிடக் கறாரா அக்கா என்று கேட்டேன். "பொய் சொல்லிக்கிட்டுக் கிட்ட போனா அது கிட்ட போறது இல்ல" என்றார். சமாதானம் சொல்லத் தெரியாத ஜென்மம் நான். மடிக்கிற விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

போன வருடம் ஒரு மதியம், உலர்த்தியிலிருந்து எடுத்த சூடான விரிப்புகளின் மேலேயே அக்கா சரிந்துவிட்டார். பக்கவாதம். பேச்சு போய்விட்டது, விழுங்கவும் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டு, வாய் வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று கட்டிலுக்கு மேல் அட்டை மாட்டிவிட்டார்கள். அதைப் பார்த்ததும் அங்கேயே அழுதுவிட்டேன். ஊரையே விரட்டிய வாய் அது.

பாஸ்டர் திருவிருந்தோடு வந்தார். மிஸ்ஸியிடம், நர்ஸைத்தான் அப்படிச் சொல்வோம், கேட்டார். விழுங்கத்தான் கூடாது, நனைத்த பஞ்சுத் துணியால் உதட்டைத் தடவினால் பரவாயில்லை என்று அந்த மலாய்க்காரப் பெண் சொன்னாள். "ஆண்டவருக்கு அது போதும்" என்றார் பாஸ்டர். சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றி, துணியை நனைத்து உதட்டருகே கொண்டுபோனார். அக்கா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, உதடு திறக்கவில்லை. பாஸ்டருக்குப் புரியவில்லை, வலிக்கிறதோ என்று பயந்துபோனார். எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன பிரயோஜனம்? பாஸ்டர் சாற்றைக் கழுவுதொட்டியில் ஊற்றினார். காலிக் கிண்ணத்தை எங்கே போடுவது என்று தெரியாமல் நான் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அக்காவின் தம்பிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுத்ததும், "அண்ணே, நீங்க கோவமா இருங்க, நல்லா இருங்க. ஆனா உயிரோட இருக்கும்போது வந்து பாத்துட்டுப் போங்க. மூஞ்சியப் பாக்காம இருக்கிறது என்னான்னு உங்க அக்காவுக்குத் தெரியும், உங்களுக்கும் அது வேணாம்" என்று படபடவென்று கொட்டிவிட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துப் பார்வையாளர் நேரத்தில் வந்து நின்றார். கேட்டுக்கு உள்ளே நின்ற அந்த ஆள் இல்லை. முடி நரைத்து, முதுகு வளைந்து, கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலோடு நின்றார். கட்டிலைப் பார்த்ததும், "யக்கா" என்றார். அவ்வளவுதான். அக்கா அவரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்கா மெல்ல என் பக்கம் கண்ணைத் திருப்பி, வாயைத் திறந்தார். மூடவில்லை. திறந்தபடியே என்னைப் பார்த்தார்.

அவர் எதைக் கேட்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெளியே ஓடிப்போய்ப் பாஸ்டருக்குப் போன் போட்டேன். அவர் தூரத்தில் ஹுத்தான் மெலிந்தாங் என்ற ஊரில், ஒரு சாவு வீட்டில் இருந்தார். "அடக்கம் முடிஞ்சதும் பொறப்படுறேன் சிஸ்டர், சூசாதான், கஷ்டந்தான், எப்படியும் பொழுது சாஞ்சிடும்" என்றார். எங்கள் சபையில் பாஸ்டர் ஜெபித்துக் கொடுத்தால்தான் திருவிருந்து. வேறு யாரும் கொடுக்கக் கூடாது. என்னிடம் சாறும் இல்லை, அப்பமும் இல்லை, உரிமையும் இல்லை. இத்தனை வருடம் காத்திருந்த வாய் திறந்திருக்கிறது, கொடுக்க ஆள் இல்லை. கடவுளே, இது என்ன விளையாட்டு என்று வராந்தாவில் நின்று வாய்விட்டே கேட்டேன்.

உள்ளே வந்தால் தம்பி பதறிக்கொண்டிருந்தார். "தண்ணி கேக்குறாங்க தங்கச்சி, பாரு, வாய் காஞ்சு கெடக்கு" என்றார். குடிக்கக் கூடாது, துணியை நனைத்து உதட்டைத் தடவலாம் என்றேன். "ஊத்தறதுக்கு ஏதாச்சும் சின்னதா இருக்கா?" என்று கேட்டார். என் கை தானாகக் கைப்பைக்குள் போயிற்று. அந்தக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கழுவாத கிண்ணம். அவர் போத்தலிலிருந்து தண்ணீர் ஊற்றினார். அடியில் காய்ந்திருந்த சாறு கரைந்து, தண்ணீர் லேசாக நிறம் மாறியது. துணியை அதில் நனைத்து, அக்காவின் உதட்டில் வைத்தார். அக்கா உதட்டை மூடித் துணியைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

தம்பி துணியை எடுக்காமல் அப்படியே நின்றார். "அப்பா வாய்க்கு இவங்க போடல. இவங்க வாய்க்கு நான் வச்சிட்டேன்" என்றார். அதைக் கோபத்தில் சொன்னாரா, பாசத்தில் சொன்னாரா, எனக்குப் பிடிபடவில்லை. அழுதுகொண்டே சொன்னார், அது மட்டும் தெரியும்.

பாஸ்டர் வந்து சேர்ந்தபோது அக்காவுக்கு நினைவு தப்பியிருந்தது. மறுநாள் அக்கா போய்விட்டார். நடந்ததை எல்லாம் பாஸ்டரிடம் சொல்லி, அது திருவிருந்துதானா பாஸ்டர், கணக்கில் வருமா என்று கேட்டேன். "எனக்குத் தெரியல சிஸ்டர்" என்றார். வேறு எவராவது ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருப்பார். அவர் சொல்லவில்லை. அந்த ஒரு காரணத்துக்காக அவரை இன்னும் அதிகமாக மதிக்கிறேன், அந்த ஒரு காரணத்துக்காக அவர்மேல் கோபமும் இருக்கிறது.

இப்போது முதல் ஞாயிறு வந்தாலே எனக்குத் திக்கென்றிருக்கிறது. முன்பெல்லாம் யோசிக்காமல் எடுத்துக் குடித்தவள், தட்டு கைக்கு வந்ததும் உள்ளே என்னென்ன கிடக்கிறது என்று துழாவுகிறேன். கிட்டே போகவேண்டும் என்று அக்கா சொன்னாரே, அந்த ஆசை எனக்கும் தொற்றிக்கொண்டது. தூரமும் சேர்ந்தே தெரிகிறது. பக்கத்து நாற்காலியில் இப்போது யாரோ ஒரு புதுப்பெண் உட்காருகிறாள். அவள் கை நீட்டி வாங்கத் தயாராக இருக்கும்போதே, பழக்கதோஷத்தில் அவள் தலைக்கு மேல் தட்டைத் தூக்கிவிடுகிறேன். அவள் திருதிருவென்று விழிக்கிறாள்.

அடக்கத்தன்று கல்லறையில் மற்றவர்களோடு தம்பியும் ஒரு பிடி மண் போட்டார். எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்து, "தங்கச்சி, அன்னிக்கு அவங்க வாயத் தொறந்தாங்களே. தண்ணிதானே கேட்டாங்க?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். "ஆமாண்ணே, தண்ணிதான் கேட்டாங்க. நீங்க குடுத்துட்டீங்க" என்றேன். கைப்பைக்குள் இந்தக் கிண்ணம் இருந்தது. இதுவரை நான் இதைக் கழுவவில்லை.