அப்பா முதுகும் உடைமுள்ளும்

என் சிகிச்சை அறைக்கு வருகிறவர்கள் முதலில் சுவரைத்தான் பார்ப்பார்கள். மதுரையில் படித்த உடல் பிடித்துவிடும் சிகிச்சைக்கு ஒன்று, சென்னையில் படித்த அக்குபங்சருக்கு ஒன்று என்று இரண்டு சான்றிதழ்கள் அங்கே தொங்குகின்றன. ஊசியை எடுக்குமுன் கால் மணி நேரம் நான் வெறும் கையால் முதுகைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்து, இதை எங்கே படித்தீர்கள் என்று சிலர் கேட்பார்கள். சுவரைக் காட்டிவிடுவேன். உண்மையில் நான் படித்தது அப்பாவின் முதுகில். அதுவும் கையால் இல்லை, காலால்.

அப்பாவுக்குத் தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் மூடை தூக்கும் வேலை. கொழும்புக்குப் போகிற தோணிகளில் மூடைகளை ஏற்றவேண்டும். சாயங்காலம் வந்து குளித்ததும் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, "ஏளா, ஏறு" என்பார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகில் ஏறி மிதிப்பேன். எனக்கு அப்போது எட்டு வயது. பதினாறு வயது அக்காவை அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அம்மாவை ஒரு கை எண்ணெய் தேய்த்துவிடக்கூடச் சொன்னதில்லை. அம்மாவும் அக்காவும் குடத்தோடு குழாயடி வரிசையில் நிற்கிற நேரமாகப் பார்த்துத்தான் பாயை விரிப்பார். வீட்டில் நான்தான் செல்லம் என்று எனக்கு ஏகப்பட்ட தலைக்கனம்.

மற்ற நேரமெல்லாம் அப்பா பனியன் போட்டிருப்பார். துறைமுகத்தில் அத்தனை பேரும் வெறும் முதுகோடு மூடை தூக்க, இவர் மட்டும் அந்த வெயிலிலும் அதைக் கழற்றமாட்டார். பாயில் படுக்கும்போதுதான் கழற்றுவார். இடது தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த திட்டு ஒன்று இருந்தது. கேட்டதற்குத் தேமல் என்றார். எங்கள் தெருவில் தேமல் இல்லாத ஆள் உண்டா என்ன, நானும் அதோடு விட்டுவிட்டேன்.

ஆனால் கால் விடவில்லை. மற்ற இடங்களில் பெருவிரலை அழுத்தினால் அப்பா "ம்" என்பார். அந்தத் திட்டில் எவ்வளவு அழுத்தினாலும் சத்தமே வராது. கிச்சுகிச்சு மூட்டிப் பார்த்தேன், அசையவில்லை. ஒருநாள் உடைமரத்தடியில் விளையாடி என் பாவாடையில் மாட்டிக்கொண்டு வந்த முள்ளால் மெல்லக் குத்தினேன். நான் குத்திக்கொண்டே இருக்கிறேன், அவர் பாட்டுக்குக் கண்ணை மூடிக் கிடக்கிறார். எனக்கு ஒரே சந்தோஷம். என் அப்பாவுக்கு வலியே தெரியாது!

அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பீற்றினேன். பொய் சொல்லுத என்றாள். அவளுடைய அப்பாவும் என் அப்பாவோடு சேர்ந்து மூடை தூக்குகிறவர்தான். தினமும் முதுகு வலிக்கிறது என்று புலம்புகிறவர். மறுநாள் சாயங்காலம் அப்பா அசந்து தூங்கியதும் அவளை உள்ளே கூட்டிவந்து, அவள் கண்ணெதிரே முள்ளைப் பாதிவரை இறக்கினேன். ஒரு பொட்டு இரத்தம் வந்தது. அப்பா அசையவில்லை. அவள் வாயைப் பிளந்தாள். வீட்டுக்குப் போய் அவள் அதைச் சொன்னாள். சொல்லாமல் எப்படி இருப்பாள்?

அடுத்த நாள் துறைமுகத்தில் நடந்ததை அம்மா பல வருஷம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். மூடையை யாரும் தானாகத் தன் முதுகில் ஏற்றிக்கொள்ள முடியாது. இரண்டு பேர் தூக்கிவிடவேண்டும். அப்பா வழக்கம்போலக் குனிந்து நின்றாராம். யாரும் வரவில்லை. குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றவர், நிமிர்ந்து, தலைத்துண்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாராம்.

மத்தியானமே வந்துவிட்ட அப்பாவைக் கண்டு நான் குதித்தேன். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். பெருவியாதி என்று அக்கா என் காதில் சொன்னாள். பெரிய காய்ச்சல் ஏதோ என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் என் வாயால்தான் இத்தனையும் வந்தது என்பது மட்டும் புரிந்தது. அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அப்பா ஒரு பையில் இரண்டு வேட்டியை எடுத்துவைத்தார். தொழுநோய்க்கென்று தூரத்து ஊரில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. வெளியூர்க்காரர் யார் கேட்டாலும் அப்பா தோணியில் கொழும்புக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல எங்களைப் பழக்கினாள் அம்மா. அக்காவுக்கு மாப்பிள்ளை வெளியூரிலிருந்துதானே இனி வரவேண்டும்.

கிளம்புமுன் அப்பா என்னைக் கூப்பிட்டார். பனியனைக் கழற்றிவிட்டுப் பாயில் குப்புறப் படுத்தார்.

"ஏளா, அந்த முள்ள எடுத்துட்டு வந்து குத்திப் பாரு."

மாட்டேன் என்று அழுதேன்.

"குத்துளா. அப்பாவுக்குச் சொகமாயிட்டான்னு பாப்பம்."

ஒரு கையை அவர் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மறு கையால் முள்ளைத் திட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"ஸ்ஸ், வலிக்குளா" என்று அப்பா துள்ளினார்.

"நெசமாவாப்பா?"

"பின்ன? நீ ஒண்ணும் கெடுக்கல. போய் வெளாடு, போ."

நான் தெருவுக்கு ஓடினேன். எங்கப்பாவுக்கு வலிக்கி, எங்கப்பாவுக்கு வலிக்கி என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒருவராவது சிரிக்கவேண்டுமே, இல்லை. திரும்பி வந்தபோது பாய் சுருட்டி வைத்திருந்தது. அப்பா போய்விட்டார்.

சில வருஷ மாத்திரையில் நோய் போய்விட்டது. அப்பாதான் வரவில்லை. அக்கா கல்யாணம் முடியட்டும் என்றார், பிறகு என் கல்யாணம் முடியட்டும் என்றார். ஆஸ்பத்திரித் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே கண்ணை மூடினார். அவரைப் பார்க்கப் போன இடத்தில்தான், மரத்துப்போன கைகளுக்கு எண்ணெய் போட்டு நீவிவிடுகிறவர்களைப் பார்த்தேன். படித்தால் அதைத்தான் படிப்பேன் என்று வீட்டில் அடம்பிடித்தேன். அப்பா என்னை மட்டும் மிதிக்கச் சொன்னது செல்லத்தால் அல்ல, பார்த்தாலும் விளங்காத வயது எனக்குத்தான் என்பதால் என்று அப்போதுதான் உறைத்தது.

இன்று ஊசியை இறக்கிவிட்டு, தெரிகிறதா என்று கேட்கிறேன். தெரிகிறது என்று சொன்னால் உடனே நம்புவதில்லை; முகத்தைப் பார்க்கிறேன். அன்றைக்கு ஊன்றிய என் கை அவர் இடுப்பில் அழுந்தியதுமே, குத்திவிட்டேன் என்று எண்ணி அப்பா துள்ளிவிட்டார். முள் இன்னும் அவர் முதுகில் படவில்லை. என் கண்ணால் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும், அப்பாவுக்கு வலித்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினேன்.