சொல்லாமல் துடைத்த தரை

நாற்பத்தொரு வயதில் இரண்டாவது பிள்ளை உண்டானபோதே சொந்தக்காரர்கள் சிரித்து முடித்துவிட்டார்கள். நான்காம் மாதம் என் கர்ப்பப்பை கீழே இறங்கியபோது, சிரிக்க நான் ஒருத்திதான் பாக்கி. சிரித்தால் இன்னும் இறங்கும் என்று தெரிந்ததும் அதையும் விட்டேன்.

செங்கல்பட்டு டாக்டரம்மா சிலிகான் வளையம் ஒன்றை உள்ளே வைத்து கர்ப்பப்பையைத் தாங்க வைத்தார்.

"இப்போ ஆபரேஷன் பேச்சே கிடையாது. கட்டில் கால்மாட்டை உயர்த்திப் படுங்க. வெயிட் தூக்காதீங்க, முக்காதீங்க, குந்தாதீங்க. இறங்கி வீங்கிச்சுன்னா வலி முன்னாடியே வந்துடும். முப்பத்தேழாவது வாரம்வரைக்கும் ஓட்டணும்."

சதுரங்கப்பட்டினத்து வீட்டில் ஒத்தாசைக்கு வந்திருந்த நாத்தனாரிடம் முதுகுவலி என்று சொல்லிவைத்தேன். நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைப்பவள், எதையும் எழுதுவேன். இதை மட்டும் வாய்விட்டுச் சொல்லக் கூசியது.

ஒருநாள் காலை நாத்தனார் ஈரத்துணியோடு வந்து நின்றார்.

"இன்னாம்மே, எப்பப் பாரு படுத்துகினே கீற? குந்திகினு வூடு தொடைச்சின்னா கொயந்த வழுக்கிகினு வரும்."

வழுக்கிக்கொண்டு வருவதுதான் என் வியாதியே. அதைச் சொல்வதைவிடக் குந்துவது சுலபமாக இருந்தது. குந்தினேன்.

பாதிக் கூடம் துடைப்பதற்குள் வளையம் நழுவி விழுந்தது. பின்னாலேயே சூடாக, கனமாக ஒன்று இறங்கி நின்றது. மதியம்வரை ஒரு சொட்டுச் சிறுநீர் போகவில்லை. செங்கல்பட்டு போகும் வழியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் கணவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். வயிற்றில் அசைவே இல்லை.

டாக்டரம்மா டியூப் போட்டுச் சிறுநீரை எடுத்தார். வீக்கம் வற்றக் காத்திருந்து, மெல்ல உள்ளே தள்ளி, பெரிய வளையம் வைத்தார். குழந்தையின் இதயத்துடிப்பு கேட்டது. அவர் முகம் மட்டும் தெளியவில்லை.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால உறுதி சொல்ல முடியாது."

வீடு திரும்பியதும் நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் கீது. பதினாறு வருசமா. தெனம் கையால உள்ள தள்ளிகினுதான் வேலைக்குப் போறேன்."

"ஏன் அண்ணி சொல்லல?"

"நீ சொன்னியா?"

பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அதோடவே ஒண்ணு உண்டாச்சி. குந்திகினு தொடைச்சிகினேதான் இருந்தேன். ஏயாம் மாசத்துலயே வந்துட்ச்சி. தங்கல."

எனக்கு ஏழாம் மாதம் தொடங்கி அன்று மூன்றாம் நாள். இருவரும் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம்.