கமலம் விட்டுவைத்த வெள்ளை

எங்கள் மலையில் மூன்றரை வருஷம் சூரியன் தாமதமாகத்தான் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் ஊரில் இருக்கிற நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஜப்பான்காரன் வந்து இறங்கியதும் எங்கள் தேயிலை ஃபேக்டரிக் கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றி, ஒன்றரை மணி முன்னே தள்ளி வைத்துவிட்டான். ஆறு மணிக்கு ஆள் எண்ண மணி அடிக்கும். வெளியே வந்தால் எதிரில் நிற்பவள் மூக்குகூடத் தெரியாது. பனியில் வரிசை கட்டி நின்று, பெயர் கூப்பிட்டால் குரல் கொடுத்துவிட்டு, கொழுந்து கண்ணுக்குத் தெரியும்வரை கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்போம். சேவல் எங்கள் பக்கம், கடிகாரம் அவன் பக்கம் என்று என் வீட்டுக்காரர் சவரிமுத்து சொல்வார். அதையும் மெல்லத்தான் சொல்வார்.

காலையில் பிடுங்கிக்கொண்ட வெளிச்சத்தை அந்தக் கடிகாரம் மத்தியானத்துக்கு மேல் திருப்பித் தந்தது. பாதித் தோட்டத்தைப் பிடுங்கிச் சக்கரவள்ளிக் கிழங்கு போட்டுவிட்டார்கள். தேயிலை வாங்க ஆளில்லை. இரண்டு மணிக்கு வேலை முடிந்து லைன் வீட்டுக்கு வந்தால் உச்சிப்பொழுதுதான் ஆகியிருக்கும். அடுப்பில் வைக்க ஒன்றும் இருக்காது. பசியோடு இருட்டும்வரை உட்கார்ந்திருப்பதைப் போலக் கொடுமை வேறில்லை. அப்போதுதான் நான் வரைய ஆரம்பித்தேன். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனபோது ஆபீஸில் கொழுந்து எடை குறித்த பழைய துண்டுச்சீட்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஒரு பக்கம்தான் எழுத்து, மறுபக்கம் வெறுமை. ஒரு கட்டை அள்ளி வந்தேன். சீட்டை நாலு கட்டமாகப் பிரிப்பேன். ஒன்றில் அலை, ஒன்றில் வலை, ஒன்றில் இலை நரம்பு, ஒன்றில் புள்ளி. என்ன வரப்போகிறது என்று யோசிக்கவே கூடாது. போட்ட கோட்டின் பக்கத்தில் அதே போல இன்னொரு கோடு, அவ்வளவுதான். அழிப்பது கிடையாது. தப்பினால் அந்தத் தப்பையே திருப்பித் திருப்பிப் போட்டால் அதுவும் ஒரு அழகாகிவிடும். அரை மணியில் மூச்சு சீராகும், வயிறு கத்துவது தள்ளிப்போகும். ஒரு கடுகளவு இடம்கூட வெறுமையாக விட எனக்கு மனசு வராது. விளிம்புவரை நிரப்பினால்தான் தூக்கம் வரும்.

இதை நான் மட்டும் செய்துகொண்டிருந்தவரைக்கும் நிம்மதியாக இருந்தேன். அடுத்த வீட்டுக் கமலம் வந்து கெடுத்தாள்.

கமலம் என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். சேலம் பக்கத்திலிருந்து வந்தவள். கொழுந்து பறிக்கும்போது நிரையில் எனக்குப் பின்னால் வருவாள். அவள் புருஷன் வேலு ஃபேக்டரி அடுப்புக்கு விறகு வெட்டுகிறவன். வாயைத் திறக்காத மனுஷன். நான் வரைவதை இரண்டு நாள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். "எனக்கும் நாலு சீட்டுக் குடுங்கக்கா" என்றாள். கொடுத்தேன். என் கையால்தான் கொடுத்தேன்! மூன்றாம் நாள் அவள் கொண்டுவந்து காட்டியது ஒரு கோடும் இல்லை, கட்டமும் இல்லை. ஒரே ஒரு சிவப்புக்கல். பட்டை தீட்டின கல். சீட்டிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து சிவப்பு. துணிக்குப் போடும் நீலத்தில் மிச்சம் வைத்திருந்த ஒரு கட்டி நீலக்கல்லுக்கு. தேயிலைக் கொழுந்தைக் கசக்கினால் வரும் சாறு பச்சைக்கல்லுக்கு. வேலு மெல்லிய குச்சியின் நுனியைப் பல்லால் மென்று மென்று அவளுக்குத் தூரிகை செய்து கொடுப்பான். என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு பென்சில் சீவித் தந்ததில்லை. அதோடு விட்டாரா? கமலத்தின் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏ அந்தோணி, கல்லுன்னா இதுதாண்டி கல்லு!" என்று என்னிடமே சொன்னார்.

"அப்போ கொண்டுபோய் அரிசிக்கடையில நீட்டிப் பாருங்க, எத்தனை படி அளக்குறான்னு பாப்போம்" என்றேன்.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? வயிறு அப்படி எரிந்தது.

அப்புறம் லைனில் ஒரு வழக்கமே வந்துவிட்டது. அரிசிக்கு, உப்புக்கு என்று தோட்டையும் மூக்குத்தியையும் விற்காத வீடு இல்லை. கம்போங் ராஜா ஊருக்குப் போகிற வழியில் ஒரு கடையில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். விற்கப் போகிறவள் முதல் நாள் நகையைக் கமலத்திடம் கொண்டு வருவாள். கமலம் அதை மடியில் வைத்து, எத்தனை கல், எந்தக் கல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து அப்படியே வரைந்து கொடுப்பாள். நல்ல காலம் வந்ததும் இதைப் பத்தரிடம் காட்டி இதே மாதிரி செய்து வாங்கலாம் என்று ஆளுக்கொரு நம்பிக்கை. சிலர் அந்தச் சீட்டை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்கள், சிலர் முருகன் படத்துக்குப் பின்னால். நான் வரைந்ததை யாரும் எங்கேயும் செருகவில்லை. "அக்காவுக்கு நல்லாப் பொழுது போகுதுலா" என்பார்கள், அவ்வளவுதான்.

ஒரு தடவை கமலம் என் சீட்டை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அக்கா, நீங்க எல்லாத்தையும் நிரப்பிடறீங்க. ஒரு மூலையை விட்டுடணும். அந்த வெள்ளைதான் மினுக்கும்."

எனக்குச் சொல்லித் தர வந்துவிட்டாள் பாருங்கள்! அன்றைக்கு நான் போட்ட சீட்டில் ஊசி குத்த இடமில்லை.

இன்னொரு நாள் ஜப்பான் அதிகாரி ஒருவன் லைனைப் பார்க்க வந்தான். எங்கள் கங்காணி குனிந்த முதுகோடு பின்னால் வந்தார். வாசலில் நானும் கமலமும் சீட்டும் கையுமாக மாட்டிக்கொண்டோம். அவன் கமலத்தின் பச்சைக்கல்லை எடுத்தான், சிரித்தான், சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பதிலுக்கு ஒரு காகிதப் பொட்டலம் சீனி கொடுத்தான். சீனி! பிறகு என்னுடையதை எடுத்தான். தலைகீழாகத் திருப்பினான். அலைகளின் மேல் விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணினான். எங்கள் பின்னால் இருந்த மலைகளைப் பார்த்தான். மறுபடி சீட்டைப் பார்த்தான். அரைகுறை மலாயில் ஏதோ கேட்டான். பயத்தில் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டும் பழக்கம் எனக்கு. ஆட்டினேன். அவன் முகம் மாறிவிட்டது. தோட்டத்துக்கு வரைபடம் போட்டு யாருக்கோ அனுப்புகிறேன் என்று நினைத்துவிட்டான். கங்காணி விழுந்து கும்பிட்டு, "பொம்பளை, சும்மா கிறுக்கினது துவான்" என்று கெஞ்சி என்னைக் காப்பாற்றினார். சீட்டை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனான். கமலம் சீனியில் பாதியை எனக்குத் தந்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். என் மகள் ரீத்தா அதற்குள் வாயில் போட்டுக்கொண்டாள்.

லைனில் யாரிடமும் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது என்று மட்டும் எனக்கு ஒரு பெருமை. என் காதில் ஏழு கல் சிவப்புத்தோடு. எனக்கும் என் அக்கா லூர்துக்கும் அம்மா ஒரே பத்தரிடம் ஒரே நாளில் செய்து போட்டது. ஒரு ஜோடி திருச்சிப் பக்கத்தில் அக்கா காதில், ஒரு ஜோடி இந்த மலையில் என் காதில். லைனில் எல்லாம் போனபிறகும் நான் அதைக் கழற்றவில்லை.

அதைக் கழற்றும் நாளும் வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற சேதி கீழே தாப்பாவிலிருந்து ஏறி வந்தது. ஆள் போன தோட்டங்களுக்கு ஒருத்தனும் திரும்பவில்லை என்றும் கூடவே வந்தது. ஒரு மத்தியானம் கங்காணி எங்கள் வாசலில் நின்றார்.

"நம்ம லைன்ல எட்டுப் பேரு கேக்குறான். உன் வீட்டுக்காரன் பேரு இருக்கு" என்றார். சொன்னது என் முகத்தைப் பார்த்து இல்லை. காதைப் பார்த்து.

"நாளைக்குக் காலையில கழட்டித் தர்றேன்" என்றேன்.

"அப்போ பேரை எடுத்துடலாம்" என்றார்.

சுவர் அரைச்சுவர், அடுத்த வீட்டில் பேசுவதெல்லாம் கேட்கும். அவர் தலை மறைந்ததும் கமலம் வந்தாள். கையில் மஞ்சள் கிண்ணமும் குச்சியும். "குடுங்கக்கா. வெளிச்சம் இருக்கறப்பவே வரைஞ்சிடறேன். அப்புறம் பாக்க முடியாதே."

"என் கல்லை நானே வரைஞ்சுக்குவேன். நீ போ" என்றேன். நின்று பார்த்தாள். போய்விட்டாள்.

அன்றைக்கு எட்டுச் சீட்டு நாசம் பண்ணினேன். கல்லை மடியில் வைத்துக்கொண்டு வரைய வரைய அது மாதுளம் முத்தாக வந்தது, புளியங்கொட்டையாக வந்தது. ஒரு மூலையை விடு என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. விட்டும் பார்த்தேன். விட்ட இடத்தைப் பார்க்கப் பார்க்கக் கை அரித்தது, நிரப்பிவிட்டேன். காலையில் கங்காணி வந்து தோட்டை வேட்டி மடிப்பில் சுருட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் லாரி வந்தது. பெயர் வாசித்தார்கள். ஏழு பெயர் வரைக்கும் சவரிமுத்து பெயர் வரவில்லை. என் கை ரீத்தாவின் தோளை நெரித்துக்கொண்டிருந்தது. எட்டாவது பெயர் வேலு.

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அதை மறைத்து என்ன? என் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கிறார், அவர் மூச்சு எனக்குக் கேட்கிறது, அது போதும் என்றிருந்தது. பிறகுதான் கமலத்தைப் பார்த்தேன். அவள் ஓடவில்லை, கத்தவில்லை. வேலு லாரியில் ஏறி, வாயிலிருந்த குச்சியை எடுத்து அவள் கையில் கொடுத்தான். பாதி மென்ற குச்சி. அதை வாங்கிக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவள் காது என் கண்ணில் பட்டது. இரண்டு ஓட்டையிலும் விளக்குமாற்று ஈர்க்கு. தூர்ந்துபோகாமல் இருக்கச் செருகியது. லைனில் இருந்த கல்லையெல்லாம் வரைந்தவளுக்கு ஒரு கல் இல்லை. ஒரு வருஷமாக அவள் கையைத்தான் பார்த்துப் பொறாமைப்பட்டேன். காதைப் பார்க்கவே இல்லை.

அவளோடு எப்படிப் பேசுவது என்று தெரியாமல் ஒரு வாரம் ஒளிந்து திரிந்தேன். அவளே வந்தாள். சீட்டை நீட்டினாள். "இந்தாங்கக்கா."

என் தோடு. இரண்டும். இடது தோட்டில் அடிக்கல் லேசாக மூளியாக இருக்கும், எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். அந்த மூளிகூட இருந்தது. ஒவ்வொரு கல்லிலும் ஒரு மூலையில் கடுகளவு வெள்ளை.

"பாக்காம எப்படிடி?"

"எத்தனை வருஷமா நிரையில உங்க பின்னாடி வர்றேன்? உங்க காதைப் பாத்துத்தானே கல்லு வரையவே பழகினேன்" என்றாள். பிறகு, "சொன்னாத் திட்டுவீங்க. அந்தத் தோட்டைப் பாத்தாலே எனக்கு வயிறெரியும்க்கா" என்றாள்.

"கமலம், வேலு பேரு..." என்று ஆரம்பித்தேன்.

அவள் முடிக்க விடவில்லை. "அவனுக்கு எட்டு வேணும். ஒண்ணு எடுத்தா ஒண்ணு போடணும்ல. சுவத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டுச்சுக்கா."

கேட்டுவிட்டுத்தான் அன்றைக்கு மஞ்சள் கிண்ணத்தோடு வந்திருந்தாள். யார் பெயர் போடுவார்கள் என்று அவளுக்கு அப்போது தெரியாதுதான். எனக்கும் தெரியாது. ஆனால் யாரோ ஒருத்தர் பெயர் விழும் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

ஜப்பான்காரன் போய்விட்டான். கடிகாரம் பழைய நேரத்துக்குத் திரும்பி வந்தது, சேவலும் மணியும் சமாதானமாகிவிட்டன. சயாமிலிருந்து ஒரு சிலர் எலும்பும் தோலுமாக வந்தார்கள். அதில் வேலு இல்லை. பார்த்தேன் என்றும் ஒருத்தன் சொல்லவில்லை, புதைத்தேன் என்றும் சொல்லவில்லை. இந்தியாவுக்குக் கப்பல் விட்டபோது எங்கள் பெயரைக் கொடுத்திருந்தோம். கமலத்தையும் கூப்பிட்டேன். "அவரு வந்தா இந்த லைனுக்குத்தான்க்கா வருவாரு. எனக்கு வேற விலாசம் ஏது?" என்றாள். நானும் பெட்டியைப் பிரித்துவிட்டேன். ஊருக்குப் போக ஆசையில்லை என்று சொன்னால் பொய். இவளை இந்தச் சுவரின் அந்தப் பக்கம் தனியாக விட்டுவிட்டு எந்த முகத்தோடு கப்பல் ஏறுவேன்?

அக்கா கடிதம் போட்டாள். உன் தோடு பத்திரமா, என்னுடையது காதில்தான் இருக்கிறது என்று. கமலத்தின் சீட்டை நடுவில் வெட்டினேன். வலது தோட்டை அக்காவுக்கு அனுப்பினேன், மூளி உள்ள இடது தோட்டை வைத்துக்கொண்டேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. தன் தோட்டைக் கழற்றி அதன்மேல் வைத்துப் பார்த்தாளாம், அச்சு அசல் அப்படியே இருக்கிறதாம். கடைசியில் ஒரு கேள்வி. ஏன் எல்லாக் கல்லிலும் ஒரு மூலை காலியாக இருக்கிறது, அங்கே மஞ்சளுக்குமா பஞ்சம்?

இன்று மத்தியானம் பதில் எழுத உட்கார்ந்தேன். கமலம் என் பக்கத்தில் சீட்டும் கிண்ணமுமாக இருந்தாள். "என்ன கேக்குறாங்க உங்க அக்கா?" என்றாள். நன்றாயிருக்கிறதாம் என்றேன். சிரித்தாள். காதில் அதே ஈர்க்கு, என் காதிலும் இப்போது அதேதான். உள்ளே என் வீட்டுக்காரர் இருமினார். ஆம்பிளை இருமல். கமலத்தின் தலை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பியது. திரும்பிய தலை உடனே வரவில்லை.

கடிதத்தை எடுத்து வைத்துவிட்டு ஒரு பழைய சீட்டில் கட்டம் போட்டேன். மூன்று கட்டத்தை நிரப்பினேன். நாலாவதை நிரப்பக் கை போகவில்லை.