சுவரோடு சேர்ந்த பெட்டி

சன்னாசி பழைய கைலித் துணியால் ஸ்பீக்கர் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். செனாவாங் டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய மகன் சத்தியசீலன் அளவு நாடாவை அதன்மேல் நீட்டினான். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் சோறு வடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ரோகினிக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

"அப்பா, பிளாட்டு ஹாலு பத்தடிதான். இது ரெண்டும் உள்ள வந்தா நாம வெளிய நிக்கணும் லா."

"நீ நில்லு."

"பாட்டு வெச்சா மேல்வீடு, கீழ்வீடு எல்லாம் வந்து கத்துவாங்க."

"இங்க முப்பது வருஷமா யாருடா கத்துனா?"

"போன்லயே பாட்டு வருதுப்பா. சின்ன ஸ்பீக்கர் வாங்கித் தரேன்."

"அத ஒன் பாக்கெட்டுல போட்டுக்க. இது என் கையால செஞ்சது."

கடைசியாக மகன், லயத்தைக் காலி செய்தால் பிளாட்டு தருவதாகத் தோட்ட ஆபீஸ் அனுப்பிய கடிதத்தை எடுத்தான். "சுவத்தோட இருக்கிறத எடுத்தா பிளாட்டு சாவி கெடைக்காது."

துணி தரையில் அறைந்த சத்தம் கேட்டது.

லாபு பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லாரி ஓட்டியவர் சன்னாசி. கோபம் அவருக்குப் பசி மாதிரி, வேளை தவறாது. ரேடியோவில் செய்தி வாசிப்பவரோடும் மல்லுக்கு நிற்பார். "மழ வரும்னு ஒனக்கு யார்டா சொன்னா?" என்பார். ஆனால் ஆம்ப்ளிபயரைத் தொடும்போது அந்த முரட்டு விரல்கள் பூனையைத் தடவுவதுபோல நகரும். சத்தம் கூட்டும் குமிழில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டிருக்கிறார். அவர் கையேகூட அதைத் தாண்டாது.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகையை மூடியபோது வீசி எறிந்த கதவுப் பலகைகளில் செய்த பெட்டிகள் அவை. லயத்து வரிசை வீடு குறுகல். அதனால் நடுச்சுவரை அறுத்து, அதிலேயே பெட்டிகளைப் பொருத்திவிட்டார். முதுகு இரண்டும் ரோகினி வீட்டுக்குள் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். "அதுமேல என் டப்பாவ வெப்பேன், ஒண்ணுஞ் சொல்லக்கூடாது" என்று சொல்லித்தான் அவள் அம்மா தனலெட்சுமி சம்மதித்தாள். பெட்டியில் தவில் ஒலித்தால் அந்த வீட்டில் மைலோ டப்பா மூடி ஆடும். ரோகினிக்குப் பரீட்சை நடந்த மூன்று வாரமும் மூடி ஆடவில்லை. யாரும் போய்ச் சொன்னதும் இல்லை.

கடிதம் மலாயில் வந்திருந்தது. மகன் சொன்னதை நம்பாமல் சன்னாசி அதை ரோகினியிடம் நீட்ட, அவள் வாசித்துச் சொன்னாள். ஆபீஸ் ஆள் வந்து வீட்டைப் பார்க்கும் சோதனை நாளன்று சுவர் சேதமில்லாமல் இருக்க வேண்டும், இருந்தால்தான் அன்றே பிளாட்டுச் சாவி. அடுத்த பத்தியில், எல்லாரும் போன அதே வாரம் லயங்கள் அத்தனையும் இடிக்கப்படும் என்றிருந்தது.

"இன்னொருக்கா படி."

படித்தாள்.

"இடிக்கப்போற சுவத்துல ஓட்ட இருந்தா அவனுக்கு என்ன வலிக்குது?"

மறுநாள் ஆபீசுக்குப் போனார். அங்கே கணக்கு எழுதும் கிராணி வீரமுத்து இதே லயத்தில் பிறந்தவர். "ரூல்ஸ் மாமா, நான் என்ன செய்ய?" என்றார்.

"ஒனக்குப் பேரு வெச்ச அன்னிக்கு விடிய விடியப் பாடுனது இந்தப் பெட்டிடா. அது எந்த ரூல்ஸ்ல இருக்கு?"

கிராணி கடிதக் கட்டைப் புரட்டினார். சன்னாசி மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்துவிட்டார்.

வந்ததும் ரம்பத்தை எடுத்தார். "பிளாட்டுல பாடாட்டியும் போவுது. துணி போட்டு மூடி வெக்கிறேன். அவன் இடிக்கிற மிஷினு இதத் தொடக்கூடாது."

"சாவி?" என்றான் மகன்.

"என் சாவி என் பாடு."

பெட்டியைச் சுற்றிச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுத்தார். மூன்று பக்கம் இழுத்து, நான்காவதில் கை நின்றது. சுவர் ஒன்றுதான், வீடு இரண்டு. அறுத்தால் ஓட்டை தனலெட்சுமி வீட்டிலும் தெரியும். அவள் வீட்டுக்குச் சோதனை வியாழக்கிழமை; அவருக்கு வெள்ளி.

யாரிடமும் போய் நின்று பழகாத மனிதர், ரோகினி வீட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார். முகம் இன்னும் சிவந்திருந்தது. அவளைப் பார்க்காமல், பெட்டி முதுகிலிருந்த டப்பாக்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பாப்பா, வியாழக்கெழம ஒங்கம்மா கையில சாவி வந்ததும் இந்தச் சுவத்த ஒரு தட்டு தட்டு. அதுவரைக்கும் நான் ரம்பத்தத் தொட மாட்டேன்."