அதுவாகச் சுற்றுகிற கல்

என் மகளுக்கு இரண்டரை வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. சொன்னால் கேட்பாள், சிரிப்பாள், வேண்டியதை என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவாள். வாயிலிருந்து ஒரு சொல் வராது. உத்திரமேரூரில் டாக்டர் அவளுக்குப் பின்னால் நின்று கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "காது நல்லா கேக்குதும்மா. வீட்டுல குழந்தைகூட யார் உக்காந்து பேசுறீங்க?" என்று கேட்டார். நான் விழித்ததைப் பார்த்து அவரே, "தினம் கொஞ்ச நேரம், வேற எந்த வேலையும் இல்லாம, அவகூட உக்காந்து பேசுங்க. அப்புறம் பாப்போம்" என்றார்.

மருந்து எழுதித் தந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சாலவாக்கம் வரும்வரை பஸ்ஸில் அந்தக் கொஞ்ச நேரத்தை நாளின் எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் நானும் கணவரும், கணவரின் அண்ணனும் அண்ணியும். ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். விடிந்ததும் அவர் ஆண்களோடு கழனிக்குப் போய்விடுவார். படித்தவள் என்று என்னைக் கழனிக்கு அழைப்பதில்லை. அதனாலேயே வீட்டு வேலை முழுவதும் என்னுடையது. நாளெல்லாம் சேற்றில் நின்றுவிட்டு வருகிறவரிடம் அடுப்படி அலுப்பை எப்படிச் சொல்வது?

கிரைண்டர் வாங்கலாம் என்று நான்தான் சொன்னேன். மாவாட்டும் நாளில் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தால் பொழுதே போய்விடும், தோள் இற்றுவிடும். அந்த நேரமாவது மிச்சமானால் பாப்பாவோடு உட்காரலாம். கணவர் மறுக்கவில்லை. அவருக்கும் மகளைப் பற்றிய பயம் இருந்தது. சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

வாலாஜாபாத்தில் தெரிந்த பாய் கடை. வெறும் கல்லைச் சுற்றவிட்டுக் காட்டினார்.

"சுவிட்ச போடும்மா, புள்ளையத் தூக்கிக்கினு போய் வெளையாடு. மாவு தானா அரைஞ்சிக்கினு கெடக்கும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்கோ. உளுந்து ஆனதும் நிறுத்திடு. மோட்டார் ஆறணும். அப்புறம்தான் அரிசி. மெஷினுக்கும் ரெஸ்ட் வேணும்."

"எங்க வூட்ல அதுக்காவது ரெஸ்ட் கெடைக்கட்டும் பாய்" என்றார் கணவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் அறிவியலின் நன்மைகள் பற்றி எழுதிய கட்டுரை நினைவுக்கு வந்தது. இயந்திரங்கள் மனிதனுக்கு ஓய்வைத் தரும் என்று எழுதியிருந்தேன். அந்த வரிக்கு அடியில் ஆசிரியர் சிவப்பு மையில் கோடு போட்டு 'நன்று' என்று எழுதியிருந்தார்.

எங்கள் வீட்டில் இட்லி என்பது அமாவாசைக்கும் நோன்புக்கும் விருந்தாளிக்கும்தான். மற்ற நாளில் காலையில் கேப்பைக் கூழோ பழையதோ, கடித்துக்கொள்ள வெங்காயம். கிரைண்டர் வந்த மறுநாளே, ஆசையில், ஒன்றுமில்லாத ஒரு வார நாளில் மாவு ஆட்டினேன். அடுத்த நாள் காலையில் மூன்று பேர் தட்டிலும் இட்லி வைத்தேன்.

"இன்னா, இன்னிக்கி அமாவாசையா?" என்றார் கணவரின் அண்ணன்.

"அமாவாசையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மெஷினு வந்துகீது இல்ல, இனிமே தெனம் அமாவாசைதான்" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தோம்.

அந்த ஒரு காலையை நான் எத்தனையோ முறை திருப்பிப் பார்த்துவிட்டேன். கூழையே கரைத்து வைத்திருக்கக் கூடாதா? ஆனால் யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இட்லி தின்ற மறுநாள் கூழைப் பார்த்துக் கணவர், "நாஷ்டாவுக்கு இதானா?" என்று கேட்டார், கோபமில்லாமல். அது போதுமாக இருந்தது எனக்கு.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மாவு இரண்டாம் நாளே புளித்துவிடும். எனவே அமாவாசைக்கு அமாவாசை ஆட்டியவள், ஒருநாள் விட்டு ஒருநாள் ஆட்டினேன். இட்லி என்றால் சட்னி. சட்னி அலுத்தால் சாம்பார். முன்பு ஆட்டுக்கல்லில் ஆட்டும்போது அக்காவும் வந்து கை மாற்றிக் குழவியைச் சுற்றுவார், நான் தள்ளிவிடுவேன், குழந்தை என் மடியில் கிடக்கும். இப்போது அக்கா திரும்பிப் பார்ப்பதில்லை. அது நியாயமும்தான். சுவிட்சைப் போட இரண்டு பேர் எதற்கு? ஆனால் பக்கத்திலேயே நின்று தண்ணீர் தெளிக்க வேண்டும், ஓரத்தில் ஏறும் மாவை வழித்துவிட வேண்டும், கடைசியில் கல்லைத் தூக்கிக் கழுவ வேண்டும். அது போடும் இரைச்சலில் குழந்தையிடம் என்ன பேசினாலும் காதில் விழாது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிறகு பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஊறிய அரிசிக் குண்டானோடு வரத் தொடங்கினார்.

"ஏம்மா, இதையும் ஒரு சுத்து வுட்டுக் குடு."

"வேலை கிடக்குது பெரிம்மா" என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.

"அதுவா சுத்துது. உனக்கின்னாடி நோவு?"

உண்மைதான், அதுவாகத்தான் சுற்றுகிறது. குண்டானை வாங்கிக்கொண்டேன்.

அந்த வருஷம் சாயங்காலங்களில் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. போவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று உளுந்தை எடுத்த கையோடு அரிசியைப் போடுவேன். பாய் சொன்னதெல்லாம் மறந்தே போயிற்று. ஒருநாள் உளுந்து பாதி அரைந்திருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. மாவுக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். எழுந்து செய்ய எத்தனையோ வேலை இருந்தது. எழ முடியவில்லை. குழந்தை வாசற்படியிலிருந்து நடந்து வந்து என் மடியில் ஏறிக்கொண்டாள். அவளுக்குக் கிரைண்டரைக் காட்டி, சும்மா, அலுப்பில் சொன்னேன்: "பாத்தியா, கரண்ட்டு போச்சு. கல்லு தூங்குது. அம்மாவும் தூங்கட்டா?"

அவள் கிரைண்டரைப் பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள்.

"போச்சு" என்றாள்.

நான் அசையவில்லை. அசைந்தால் கலைந்துவிடுமோ என்று இருந்தது. மெதுவாக, "என்ன போச்சு?" என்றேன்.

"போச்சு!" கைகள் இரண்டையும் விரித்துக் காட்டினாள்.

கரண்ட் திரும்ப வந்தபோது நாங்கள் அப்படியேதான் இருந்தோம். கழனியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அக்கா, "வந்துடுச்சி பாரு, போடு" என்று குரல் கொடுத்தார். அவரிடம் ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தானே, தற்செயலோ என்னவோ என்ற பயத்தில் சொல்லவில்லை. எழுந்து போய் சுவிட்சைப் போட்டேன். இரைச்சலில் குழந்தையின் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

அடுத்த முறை உளுந்தை வழித்து எடுத்ததும் கிரைண்டரை நிறுத்தினேன். கரண்ட் இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு குழந்தையோடு உட்கார்ந்தேன். கணவர் உள்ளே வந்தார்.

"ஏன் நிறுத்திட்ட?"

"மோட்டார் சூடாயிடுச்சு. ஆறணும்னு பாய் சொன்னாரே."

"ஆமாமா, ஆறட்டும். நல்லா ஆறட்டும். உள்ள மோட்டார் காயிலு எரிஞ்சிடப் போவுது." அண்ணனிடமும் போய்ச் சொன்னார். அக்காவும், "அத்தப் போட்டு வதைக்காத, பொறுமையா ஆட்டு" என்றார்.

அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. இவ்வளவு சுலபமா என்று இருந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது. 'எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டும்' என்று நான் வாய்விட்டுக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்களோ என்னவோ. கேட்டுப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. மோட்டாரையே கேட்கவிட்டேன்.

மாவாட்டும் நாளெல்லாம் அது ஆறியது. நானும் மகளும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து காக்கா, குருவி, பஸ் என்று பேசினோம். பேசியது பெரும்பாலும் நான்தான். பல நாள் அவள் ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை. நான் கற்பனை செய்துகொண்டேனோ என்று பயந்த நாளும் உண்டு.

ஒரு சாயங்காலம் பெரியம்மா குண்டானோடு வந்து நின்றார். "இன்னாத்துக்கு நிறுத்தி வெச்சிக்கினு கீற?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் எழுந்து போய்க் கிரைண்டர்மேல் கையை வைத்தாள். வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"சூடு" என்றாள்.

"அடி ஆத்தி, பேசுதே!" பெரியம்மா குண்டானைக் கீழே வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார். "சூடா? எங்க சொல்லு, இன்னொருவாட்டி சொல்லு."

அவள் சொன்னாள். பிறகு பெரியம்மாவின் அரிசியையும் நான்தான் ஆட்டினேன்.